நெத்திலியோடு காய்ந்த பல் செட்டு

என் மகளின் முன்பல் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில், அரை டம்ளர் பாலுக்குள் கிடந்தது. குனிந்து பார்த்தால் தெரியாது, வெள்ளைக்குள் வெள்ளை. டம்ளரைச் சாய்த்தால் அடியில் ‘டிங்’ என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். கேளம்பாக்கத்து மேடு பள்ளங்களில் ஆட்டோ குலுங்கக் குலுங்க, ஒரு கையால் டம்ளரின் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் மகளின் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, அந்தச் சத்தம் கேட்கிறதா கேட்கிறதா என்று காதைத் தீட்டியபடி போனேன். சில வாரங்கள் ஆகிவிட்டன. என் வலது கை இன்னும் டம்ளரைப் பிடித்த மாதிரியேதான் இருக்கிறது.

நடந்தது ஒன்றும் பெரிதில்லை. எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் சைக்கிள் ஓட்டினாள், திருப்பத்தில் சறுக்கினாள், சிமெண்டுத் திட்டின் விளிம்பு வாயில் பட்டது. மேல்வரிசையின் நடுப்பல் வேரோடு வந்துவிட்டது. பால்பல் இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளை. இது போனால் இனி முளைக்காது. மருத்துவர் அந்தப் பல்லை எடுத்து அதே குழியில் திரும்பச் செருகி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார். “பிடிச்சாலும் பிடிக்கும்மா, பிடிக்காமலும் போகலாம். கம்பியை எடுக்கும்போதுதான் சொல்ல முடியும்” என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் காலையில் முதல் வேலை மகளின் வாயைப் பார்ப்பது. செல்போன் டார்ச்சை அடித்து, ஈறு சிவந்திருக்கிறதா, பல் நிறம் மாறியிருக்கிறதா என்று ஆராய்வேன். ஆராய்ந்து என்ன கண்டேன் என்று கேட்காதீர்கள். நான் படித்தது வணிகவியல். “அம்மா, நீ என்ன டாக்டரா? விடும்மா” என்பாள் மகள், உதட்டை மூடியபடியே. விழுந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து பேசுவதில்லை. சிரிப்பு வந்தால் கையால் மறைத்துக்கொள்கிறாள். பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறவள், இப்போது வேறு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டாளாம். பல்லை விட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் குளிர்சாதனம், மீன் தொட்டி, மெல்லிய பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் உள்ளறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிராம்பு எண்ணெயின் வாசனை வந்து மூக்கில் குத்தும். அந்த வாசனை போதும், நான் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் குப்பத்தில் கிராம்பு வாசனை வந்தால் பிரியாணி என்று யாரும் நினைக்கமாட்டார்கள். யாருக்கோ கன்னம் வீங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம். கடையில் கிராம்பைத் தனித்தனியாக விற்பார்கள். வலிக்கிற பல்லில் அதை அடக்கிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். கிராம்புக்குக் கேட்காவிட்டால் புகையிலை. புகையிலைக்கும் கேட்காவிட்டால் பஸ் ஏறி ஆஸ்பத்திரி. பல்லுக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் பிடுங்கிக்கொண்டு வருவது. பல்லைக் காப்பாற்றவும் டாக்டர் உண்டு என்பது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. பல் துலக்க உப்பும் கரியும். பிறகு ரோஸ் நிறப் பல்பொடி வந்தது. அதில் பாதியைப் பிள்ளைகள் நாங்கள் தின்றே தீர்த்தோம், அவ்வளவு இனிப்பு.

ஆண்களின் பற்கள் வேறு விதமாகத் தேய்ந்தன. வலை பின்னும்போது நைலான் நரம்பை அறுக்கக் கத்தி பக்கத்திலேயே கிடக்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். பல்லாலேயே கடித்து அறுப்பார்கள். என் அப்பாவின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில், நரம்பு போய் உட்கார்கிற அளவுக்குச் சரியாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. ஊசிக்குக் காது இருப்பதுபோல அப்பாக்களுக்கும் பல்லில் ஒரு காது இருக்கும் என்றுதான் ரொம்பக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். “கத்தி தேடுற நேரத்துல ரெண்டு முடிச்சு போட்டுடலாம்” என்பார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் பல்லால் பிழைத்தது அப்பா இல்லை. அவருடைய அக்கா. அஞ்சலாட்சி அத்தை.

அத்தை கரையில் ஏலம் கூறுகிறவள். காலையில் படகுகள் வந்து சேர்ந்ததும் மீனை மணலில் கூறு கூறாகக் குவித்துவிடுவார்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, குவியலுக்குப் பக்கத்தில் காலை அகட்டி நிற்பாள். சுற்றிலும் கூடைக்காரப் பெண்கள், வேன் கொண்டுவந்த வியாபாரிகள். அலைச் சத்தத்தையும் காக்கைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் எழும்.

“வா வா வா! கண்ணு முழிச்சிக்கினு கீது பாரு சங்கரா! இன்னும் சாவல! நீ வெல கேட்டாத்தான் சாவும்!”

விலை ஏறும். ஒருவர் தலையசைப்பார், இன்னொருவர் புருவத்தைத் தூக்குவார். எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் யார் வாங்குகிறார் என்று முடிவானதும், குதிகாலால் அந்தக் கூறைச் சுற்றி மணலில் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்தால் விழுந்ததுதான். படகுக்காரர் வந்தாலும், ஊர்ப் பெரியவர் வந்தாலும் மாற்ற முடியாது. பிறகு குவியலைப் பார்க்காத மாதிரி கையை நீட்டித் தன் பங்காக ஒரு மீனை எடுப்பாள். பார்க்காமல் எடுத்தது எப்படி எப்போதும் பெரிய மீனாகவே இருந்தது என்பதை யாரும் கேட்டதில்லை.

அந்த வாயிலிருந்துதான் பற்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. ஈறில் ரத்தம், பிறகு ஆட்டம், பிறகு ஒரு நாள் வெற்றிலைச் சாற்றோடு பல்லும் வெளியே வரும். முதலில் முறுக்கை விட்டாள். பிறகு கருவாட்டை. கடைசியாக நண்டை. நண்டுக் காலை அம்மா அம்மியில் நசுக்கிக் கொடுத்தால் அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “நான் இன்னா செத்தா பூட்டேன்? நசுக்கிக் குடுக்கற?” தட்டைத் தள்ளிவிட்டுக் கஞ்சியைக் குடிப்பாள்.

பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். அத்தைக்குச் சொல்லோடு சேர்த்துத் தொழிலும் போவதாக இருந்தது. வாய் நிறையக் காற்று. ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெட்டு மழுங்கி, எல்லாம் ஒரே இரைச்சலாகிவிட்டது. ஊர்க்காரர்கள் பழக்கத்தால் புரிந்துகொண்டார்கள். வெளியூர் வியாபாரிகளுக்குப் புரியவில்லை. ஒருவன் பக்கத்து ஆளிடம், “இன்னாப்பா சொல்லுது இந்த ஆயா?” என்று கேட்டான். அத்தையைக் கரையில் யாரும் ஆயா என்றது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவள் தன் பங்கு மீனை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

படகுக்காரர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

“அக்கா, நீ பக்கத்துல குந்திக்கினு இரு. கோமதி கூறட்டும்.”

கோமதி எங்களுக்கு மூன்றாவது வீடு. வயதில் இளையவள். கூடைக்காரி. சோளக்கதிர் மாதிரி வரிசையான பல். அவள் லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். “சிரிச்சா சிரிக்கட்டும், அத்தினி பல்லையும் காட்டிச் சிரிக்கணுமா?” என்பது அத்தையின் புகார். கடைசியில் அத்தையே ஒரு தவணை கேட்டாள். “மாசி மகம் வரைக்கும் வுடுங்க. அதுக்குள்ள எங்கொரலு வரலைன்னா நானே ஒதுங்கிக்கறேன்.”

மாசி மகம் எங்கள் கரையில் பெரிய நாள். சாமிகளைக் கடலுக்குக் கொண்டுவந்து நீராட்டுவார்கள். அதற்குச் சில மாதங்களே இருந்தன.

எனக்கு அப்போது செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஊரப்பாக்கத்தில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். நெடுஞ்சாலையோரம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பல் செட்டு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அத்தையை வரச் சொன்னேன். என் அறைத் தோழிகளுக்கு மரியாதை செய்கிறேன் என்று ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்தாள். மின்சார ரயிலில் எங்களைச் சுற்றி ஒரு பெஞ்சு முழுதும் காலியானது. “பாத்தியாடி, கருவாடு கொணாந்தா சீட்டு தன்னால கெடைக்குது” என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

கல்லூரியில் அத்தையைக் கவனித்துக்கொண்டது கண்ணாடி போட்ட ஒரு மாணவி. பாவம், அன்றைக்குத்தான் தனக்குப் பரீட்சை என்று அவளுக்குத் தெரியாது. அத்தையின் வாயில் ரோஸ் நிற மாவை நிரப்பி அச்செடுக்கும்போது அத்தை அவள் விரலைக் கடித்துவிட்டாள். பெண் ‘ஆ’ என்று கத்தினாள். மாவை எடுத்ததும் அத்தை முதலில் சொன்னது: “பல்லே இல்லியேம்மா, எதுக்கு கத்துற?” அடுத்தது: “புதினா போட்ட களி மாதிரி கீது. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்.”

பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு பட்டை வைத்திருந்தார்கள். அதில் வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை வரிசையாகப் பற்கள். மாணவி நல்ல வெள்ளையாக ஒன்றைக் காட்டினாள். அத்தை முகத்தைச் சுளித்தாள்.

“இது யாருக்கு? எனக்கு வெத்தில போட்ட வாயி மாதிரி குடு.”

“அந்தக் கலர்ல பல்லு வராது பாட்டி.”

“பாட்டி இன்னா பாட்டி? அத்தைன்னு கூப்புடு. கலரு இல்லைன்னா போவுது. நடுவுல ஒரு சந்து வுடு. எச்சி துப்ப வேணாமா?”

மாணவி பெரிய டாக்டரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அப்படித்தான் அந்தப் பல் செட்டு நடுவில் ஒரு சந்தோடு தயாரானது. பல தடவை வரச் சொன்னார்கள். மெழுகில் பார்த்தார்கள், ராவினார்கள், திரும்ப ராவினார்கள். கடைசியாக மேலும் கீழும் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அத்தை வெகு நேரம் பார்த்தாள். நான் அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்து என் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“தூ. கோமதி மாதிரி கீறேன்.”

ராத்திரியில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை தலையாட்டினாள். இவனுக்கு விற்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பிறகு வியாபாரியிடம் அவள் ஆட்டுகிற தலையாட்டல் அது. எனக்கு அது அப்போதே தெரிந்தது.

பல் வந்துவிட்டது, குரல் உடனே வந்துவிடவில்லை. வீட்டில் கூவினால் அக்கம்பக்கம் சிரிக்கும் என்று ஊரை ஒட்டிய ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்ப் பழகினாள். நான் லீவில் போன நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். இடிந்த மதில்மேல் ஏறி நின்று, கழிமுகத்தைப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஏலம் விடுவாள். கொக்கை விட்டாள். ஓடத்தை விட்டாள். கடைசியில் கோட்டையையே விட்டாள்.

“கோட்ட! கோட்ட! இடிஞ்சாலும் நிக்கிற கோட்ட! கேளு கேளு!”

கேட்பதற்கு நான் ஒருத்திதான். நான் கேட்கிற விலை அவளுக்குப் பிடிக்காது. “உங்கப்பன் சொத்தாடி, இவ்ளோ கம்மியா கேக்கற?” படம் எடுக்க வந்திருந்த புது ஜோடி ஒன்று சிரித்துக்கொண்டே விலையை ஏற்றியது. அத்தை அவர்களுக்கே கோட்டையை விற்றுத் தீர்த்து, செங்கல் தூளில் குதிகாலால் ஒரு கோடும் இழுத்துவிட்டாள். ஆரம்பத்தில் உச்சக் குரலுக்குப் போகும்போதெல்லாம் கீழ்ச் செட்டு துள்ளி எழும்பும். நாக்கால் அதை அழுத்திக்கொண்டு, மோவாயை உயர்த்தி, குரலை மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டால் நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு விலையின் முடிவிலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பிறகு வியாபாரிகள் அதையும் ஏலத்தின் ஓர் அழகு என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாசி மகத்துக்கு முன்னாலேயே கரையில் நின்று கூவினாள். குரல் பழைய மாதிரி இல்லை. ஆனால் ஒவ்வொரு விலையும் தனித்தனியாக வந்து விழுந்தது. வேன்காரர்கள் தலையசைத்தார்கள். கோமதி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நல்லாத்தாங்க்கா கூவற” என்றாள். அன்றைக்கு அத்தை வாசலில் உட்கார்ந்து நண்டு தின்றாள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, ஒவ்வொரு காலாக, மெதுவாக. அதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. ஊருக்குச் செய்த அறிவிப்பு.

இதற்குப் பிறகு நடந்ததை எங்கள் கரைக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் அழுகல். மீன் ஈரத்தில் கிடந்தால் நாறும். கயிறு ஈரத்தில் கிடந்தால் இற்றுப்போகும். ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அதற்கு உப்பு தடவு, வெயிலில் போடு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, கையிலேயே இருப்பது. அத்தை கொஞ்ச நாள் பல் செட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். காலையில் எடுத்தால் வழவழவென்று இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. “பழைய சோறு மாதிரி ஊறிக் கெடக்குதுடி. இப்டியே போனா நஞ்சிப் பூடும்.” அந்தச் செட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். அதனால்தான் அப்படிச் செய்தாள்.

சித்திரை வெயில். மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். அத்தை பல் செட்டைக் கழுவி, கல் உப்பை நுணுக்கித் தடவி, நெத்திலிக்கு நடுவில் வைத்தாள். காக்காய் தூக்கிவிடக் கூடாது என்று மேலே இன்னொரு வலை. பகல் முழுக்கக் காய்ந்தது. அந்த வழியாகப் போனவர்கள் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. என் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் காயட்டும்க்கா, அடிப்பக்கம் ஈரமா கீது” என்று திருப்பிப் போட்டுவிட்டுப் போனாராம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் ஊரில் இருந்தேன். நல்ல மீன்பாடு, சங்கரா குவிந்து கிடந்தது. அத்தை செட்டை மாட்டினாள். அது வாயில் உட்காரவில்லை. வெயிலில் வளைந்துவிட்டிருந்தது, அலையில் கிடக்கிற படகு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. உதட்டை இறுக்கி, நாக்கால் முட்டுக்கொடுத்து ஆரம்பித்தாள். விலை ஏறியது. குரலும் ஏறியது. உச்சிக்குப் போனபோது மேல் செட்டு வாயிலிருந்து பறந்து சங்கராக் குவியலின் நடுவில் விழுந்தது.

சிவப்பு மீன்களுக்கு நடுவில் அது வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு கிடந்தது. அப்போது வேன் பக்கமிருந்து ஒருவன், “இன்னாக்கா, இதையும் சேத்துதான் ஏலமா?” என்றான். சிரிப்பு வெடித்தது. அத்தை அசையவில்லை. கைகள் இரண்டும் தொங்கிவிட்டன. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. கிட்டே போகலாமா, போனால் இன்னும் அவமானப்படுவாளா என்று தெரியாமல் நின்றேன்.

கோமதி கூடையை இறக்கி வைத்தாள். குவியலுக்குள் கையை விட்டுச் செட்டை எடுத்தாள். அலைக்குப் போய் அலசினாள். முந்தானையில் துடைத்து அத்தையின் கையில் கொடுத்தாள். பிறகு வேன்காரனைப் பார்த்து, “உனுக்கு இன்னாத்துக்கு அது? உன் பொண்டாட்டிக்கு வேணும்னா வந்து அளவு குடுக்கச் சொல்லு” என்றாள். சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

அத்தை செட்டை மடியில் செருகினாள். வலது கையை உயர்த்தி விரல்களை விரித்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோமதி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பிக் கூவினாள்.

“ஐந்நூறு!”

அத்தை இடது கையில் ஒரு விரலைப் பாதி மடக்கிக் காட்டினாள்.

“ஐந்நூத்தி அம்பது! கேளு கேளு!”

யார் தலையசைக்கிறார், யார் புருவத்தைத் தூக்குகிறார் என்று பார்த்தது அத்தையின் கண். விலையை ஏற்றியதும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ததும் அவள்தான். குரல் மட்டும் கோமதியுடையது. தீர்ந்ததும் அத்தை குதிகாலால் கோடு இழுத்தாள். பார்க்காமல் கையை நீட்டிப் பெரிய மீனாக ஒன்றை எடுத்தாள். அதைக் கோமதியின் கூடையில் போட்டாள். பிறகு தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். அதுவும் ஒன்றும் சின்னதில்லை.

மறுபடியும் கல்லூரிக்குப் போகலாம், வேறு செட்டு செய்துகொள்ளலாம் என்று நான் எவ்வளவோ கூப்பிட்டேன்.

“எதுக்குடி பேஜாரு? எம் பல்லு இப்ப கோமதி வாயில கீது.”

அதன் பிறகு பல வருடங்கள் எங்கள் கரையில் ஏலம் அப்படித்தான் நடந்தது. ஒருத்தி விரல், ஒருத்தி குரல். இருவரும் சண்டை போடாத நாள் இல்லை. விரலைத் தப்பாகப் படித்துவிட்டாள் என்று அத்தை திட்டுவாள்; கிழவி விரலை ஒழுங்காக நீட்டுவதில்லை என்று கோமதி திட்டுவாள். சண்டை போட்டபடியே பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். விரித்த கை என்றால் என்ன, மடக்கிய விரல் என்றால் என்ன என்பது குப்பத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கோமதி கொண்டுவருகிற நண்டுக் காலை அத்தை கோபப்படாமல் வாங்கித் தின்றதை நானே பார்த்திருக்கிறேன். அது நசுக்கியதாகத்தான் இருந்தது.

அத்தை போன பிறகு அவள் வீட்டை ஒழித்தபோது, உப்பு ஜாடியைக் கவிழ்த்தார் அப்பா. கல் உப்போடு பல் செட்டும் வந்து விழுந்தது. வளைந்துதான் இருந்தது. ஆனால் கெட்டுப்போகவில்லை. அந்த மட்டில் அத்தை சொன்னது சரி.

மகள் விழுந்த அன்று சிமெண்டில் கிடந்த பல்லை நான் எடுத்ததும், என் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது. நன்றாகத் துடைத்து, காயவைத்து, பொட்டலம் கட்டி எடுத்துப்போக வேண்டும் என்று. நான் எங்கே குடிவந்தால் என்ன, கை கரைக்காரக் கைதானே. அப்போதுதான் நெத்திலிக்கு நடுவில் கிடந்த அந்தச் செட்டு கண்முன் வந்தது. அறிவியல் தெரிந்து செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் காய்ந்தால் வளைந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான். அடுப்படிக்கு ஓடினேன். கையில் அகப்பட்டது பால். “காய விடாம கொண்டுவந்தீங்களே, அதுதாம்மா நல்லதாப் போச்சு” என்றார் மருத்துவர். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவரிடம் விளக்க நேரமில்லை.

போன வாரம் கம்பியை எடுத்தார்கள். மருத்துவர் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் பல்லை லேசாகத் தட்டினார். ஆட்டிப் பார்த்தார். “பிடிச்சிருக்கு” என்றார். பிறகு, “ஆனாலும்…” என்று தொடர்ந்தார்; அடிக்கடி வரவேண்டும், வேர் சிகிச்சை செய்யவேண்டும், சில வருடங்கள் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். மற்றவர்களாக இருந்தால் ‘பிடிச்சிருக்கு’ என்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் இன்னும் அந்த ‘ஆனாலும்’ என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். ஆனால் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏலம் நடந்த மணல் இல்லை. கடல் அரித்து உள்ளே வந்துவிட்டது. அதைத் தடுக்கக் கரை நெடுகப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். படகுகள் இப்போது தள்ளி வேறிடத்தில் ஒதுங்குகின்றன. படகு கரை சேர்வதற்கு முன்பே செல்போனில் விலை முடிந்துவிடுகிறது. ஐஸ் பெட்டி வைத்த வண்டி வந்து நிற்கிறது, ஏற்றுகிறார்கள், போகிறது. யாரும் கத்துவதில்லை.

கோமதி அக்கா தன் வீட்டு வாசலில், சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சோளக்கதிரில் ஒரு மணி கூட மிச்சமில்லை. செட்டு கட்டிக்கொள்ளவில்லையா என்றேன். “கட்டி யாருகிட்ட கூவறது?” என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். “இன்னா பாப்பா, வாயில கைய வெச்சிக்கினு கீற? பல்லு வலியா?” நான் நடந்ததைச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். “வுழுந்து எழுந்த பல்லா? அப்ப அது கெட்டிக்காரப் பல்லு. எனக்கு வுழுந்தது ஒண்ணு கூடத் திரும்பல.”

மகளுக்கு விரல் ஏலத்தைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவள் மெதுவாக, “அதைக் காட்டுறீங்களா?” என்றாள். கோமதி அக்கா வலது கையை உயர்த்தி விரித்தாள். இடது கையில் ஒரு விரலைப் பாதி மடக்கினாள். அத்தையின் கை அப்படியே.

“அம்மா, எவ்ளோ அது?”

“ஐந்நூற்றைம்பது” என்றேன், வீட்டில் பேசுகிற குரலில்.

கோமதி அக்கா ஈறு தெரியச் சிரித்தாள். “இப்டி சொன்னா மீனு ஏலம் போவாது கண்ணு. நாறித்தான் போவும்.”

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையை எடுத்தாள். பாறைகளின் பக்கம் திரும்பி, வாயை முழுக்கத் திறந்து, “ஐந்நூத்தி அம்பது!” என்று கத்தினாள். பல் இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கோ ஒரு காக்காய் எழும்பிப் பறந்தது. வேறு யாரும் தலையசைக்கவில்லை, புருவத்தைத் தூக்கவில்லை.

கோமதி அக்கா மட்டும் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள், யாராவது மேலே கேட்கிறார்களா என்று. பிறகு, இனி கேட்க ஆளில்லை என்று முடிவானதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையில் இழுத்தாள். சிமெண்டில் கோடு விழவில்லை.